தன்னை அறிந்து தன்னைத் தந்தவர்: ஆளவந்தார் வைபவம்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

ஆடி உத்திராடம் ஸ்ரீ ஆளவந்தாருடைய திருநக்ஷத்திரம். குருபரம்பரையை நினைக்கும் தனியனை அருளிய கூரத்தாழ்வான், அதன் நடுவில் நாதமுனிகளையும் யாமுனரையும் வைத்தார். நாம் நாள்தோறும் அந்தத் தனியனை அநுஸந்திக்கிறோம். ஸ்தோத்ர ரத்நம் அருளியவர், எம்பெருமானாரைக் காஞ்சியில் கடாக்ஷித்தவர் என்ற அளவில் ஆளவந்தாரை நம்மில் யாவரும் அறிவர். அறிவு என்பது என்ன, 'நான்' என்று தோன்றும் பொருள் எது என்ற கேள்விகளைத் தர்க்கத்தின் துணைகொண்டு ஆழமாக ஆராய்ந்த தத்துவ ஞானியும் அவரே என்பதைச் சிலரே நினைக்கிறோம். இவ்விரண்டு முகங்களையும் சேர்த்து வைத்து அவருடைய வைபவத்தைச் சிறிது அநுபவிப்போம்.

வீரநாராயணபுரத்துப் பேரர்

கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயில் முற்காலத்தில் வீரநாராயணபுரம் எனப்பட்டது. முதற் பராந்தக சோழனின் விருதுப்பெயரால் அமைந்த வீராணம் ஏரி அவ்வூரை அடுத்துள்ளது. சென்னைவாசிகளான நாம் இன்று குடிக்கும் நீரில் ஒரு பகுதி அந்த ஏரியிலிருந்து வருவது. அவ்வூர் மன்னனார் ஸந்நிதியில் கைங்கர்யம் செய்துவந்த நாதமுனிகள், மறைந்திருந்த நாலாயிரத்தையும் ஆழ்வார் திருநகரியில் நம்மாழ்வாரிடமிருந்து பெற்று உலகுக்குத் தந்தார். அவருடைய திருக்குமாரர் ஈச்வரமுனிகள். அவருக்குத் திருக்குமாரராக, மரபின் கணக்குப்படி 916ஆம் ஆண்டு, தாது வருஷம் ஆடி உத்திராடத்தில் அவதரித்தவர் யாமுனர். வடநாட்டு யாத்திரையில் யமுனைக் கரையில் கண்ணனை அநுபவித்த நினைவாக யமுனைத்துறைவன் என்று திருநாமம் சாற்றினர்.

நாதமுனிகளிடம் இரண்டு செல்வங்கள் இருந்தன. ஒன்று ஆழ்வார்களின் அருளிச்செயலும் அதன் பொருளும். மற்றொன்று ஆத்மாவையும் பரமாத்மாவையும் உள்ளே நேரே காணும் யோக ரஹஸ்யம். யோகத்தைக் குருகைக்காவலப்பன் பெற்றார். உய்யக்கொண்டாரிடம் இவற்றில் எது வேண்டும் என்று நாதமுனிகள் கேட்டபோது, ஊரில் சாவு விழுந்து கிடக்க ஒரு வீட்டார் மட்டும் கல்யாணம் கொண்டாடலாகாது என்ற கருத்தில் அவர் விடை சொன்னார். ஸம்ஸாரத்தில் உலகமே துன்புற்றிருக்கும்போது தாம் தனியே யோக ஸுகத்தை அநுபவிப்பது தகாது, பலருக்கும் பயன்படும் அருளிச்செயலின் பொருளே தமக்குப் போதும் என்பது அவர் திருவுள்ளம். இந்தப் பங்கீட்டை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். யாமுனருடைய வாழ்க்கையின் மிகப் பெரிய இழப்பும் மிகப் பெரிய பேறும் இதிலிருந்தே பிறந்தன.

அரசவை முதல் அரங்கன் ஸந்நிதி வரை

இளம் பிராயத்தில் யாமுனர் மஹாபாஷ்ய பட்டர் என்பாரிடம் சாஸ்திரம் பயின்றார். அரசனின் ஆதரவு பெற்ற ஆக்கியாழ்வான் என்ற வித்வான், நாட்டிலுள்ள பண்டிதர் யாவரும் தனக்குத் திறை செலுத்த வேண்டும் என்று ஓலை அனுப்பிவந்தான். தம் ஆசார்யருக்கு வந்த ஓலையைச் சிறுவர் யாமுனர் கிழித்தெறிந்தார். வாதத்துக்கு அரசவைக்கு அழைக்கப்பட்டார். அரசிக்குப் பிள்ளையின் மேல் நம்பிக்கை பிறந்தது. அரசனோ, பிள்ளை வென்றால் பாதி நாடு தருவதாகச் சபதம் செய்தான்.

யாமுனர் மூன்று வாக்கியங்களைச் சொல்லி, முடிந்தால் மறுக்கும்படி ஆக்கியாழ்வானைக் கேட்டார். அவனுடைய தாய் மலடி அல்லள், அரசன் தர்மவான், அரசி பதிவிரதை என்பன அவை. மறுத்தால் அவமானமோ ராஜதண்டனையோ நேரும் என்று அவன் வாயடைத்துப் போனான். யாமுனர் சாஸ்திர வாக்கியங்களைக் கொண்டே மூன்றையும் மறுத்துக் காட்டினார். தனிமரம் தோப்பாகாததுபோல ஒற்றைப் பிள்ளை பெற்றவளைப் பிள்ளை பெற்றவளாகச் சாஸ்திரம் எண்ணுவதில்லை. குடிகளின் பாவம் அரசனைச் சேரும். விவாஹ மந்த்ரத்தின்படி மணமகள் முதலில் தேவதைகளுக்கு உரியவளாகிறாள். மகிழ்ந்த அரசி, தங்களை ஆள வந்தவர் இவர் என்று கொண்டாடியதால் ஆளவந்தார் என்ற திருநாமம் நிலைத்தது. பாதி நாடும் அவருடையதாயிற்று.

ஆட்சியின் சுகத்தில் அவர் தம் குலதனத்தை மறந்திருந்தார். உய்யக்கொண்டாருடைய சிஷ்யரான மணக்கால் நம்பிக்கு இது பெரும் கவலை. நாதமுனிகளின் பேரரைத் தர்சனத்துக்கு ஆக்கும் பொறுப்பை ஆசார்யர் அவரிடம் விட்டுச் சென்றிருந்தார். அரண்மனைக்குள் எளிதில் நுழைய முடியவில்லை. யாமுனருக்குத் தூதுவளைக் கீரை பிடிக்கும் என்று அறிந்து, நம்பி ஆறு மாதம் நாள்தோறும் கீரையைக் கொண்டுவந்து மடைப்பள்ளியில் கொடுத்தார். பிறகு சில நாள் நிறுத்திவிட்டார். கீரை ஏன் வரவில்லை என்று ஆளவந்தார் கேட்க, கொண்டுவந்தவரைப் பற்றிச் சமையற்காரர்கள் சொன்னார்கள். அவரை அழைத்து என்ன வேண்டும் என்று வினவினார். தமக்கு ஒன்றும் வேண்டாம், உம் பாட்டனார் வைத்துப்போன நிதி ஒன்று தம்மிடம் உள்ளது, அதை ஒப்படைக்க வந்து போக அநுமதி வேண்டும் என்றார் நம்பி.

அதன்பின் கீதையின் பொருளை நாள்தோறும் உபதேசித்தார். ஆளவந்தாரின் நெஞ்சு கனிந்த சமயத்தில் அவரைத் திருவரங்கத்துக்கு அழைத்துச் சென்று, இரண்டு ஆறுகளுக்கு இடையே, ஏழு மதில்களுக்குள்ளே பள்ளிகொண்டிருக்கும் பெரிய பெருமாளைக் காட்டி, பாட்டனார் வைத்த நிதி இதுவே என்றார். ஆளவந்தார் அரசைத் துறந்து ஸந்யாஸம் ஏற்றார். ஆறு மாதக் கீரைக் கைங்கர்யம் ஒரு தர்சனத்துக்குத் தலைவரைத் தந்தது.

அறிவு யாருடையது?

ஆளவந்தார் அருளிய நூல்களில் ஆகம ப்ராமாண்யம் பாஞ்சராத்ரத்தின் பிரமாணத் தன்மையை நிலைநாட்டுவது. 32 ச்லோகங்களாலான கீதார்த்த ஸங்க்ரஹம் கீதையின் 18 அத்தியாயங்களையும் மூன்று ஆறுகளாகப் பிரித்துப் பொருள் காட்டுவது. சதுச்ச்லோகீ பெரிய பிராட்டியாரைப் பற்றியது. ஆத்ம ஸித்தி, ஈச்வர ஸித்தி, ஸம்வித் ஸித்தி என்ற மூன்றும் சேர்ந்து ஸித்தித்ரயம் எனப்படும். இவை முழுவதுமாக நமக்குக் கிட்டவில்லை. கிட்டிய பகுதிகளே அவருடைய நுண்ணறிவை விளக்கப் போதுமானவை.

ஆத்ம ஸித்தியில் அவர் எடுத்துக்கொள்ளும் கேள்வி எளியது. 'நான்' என்று சொல்கிறோமே, அது எதைக் குறிக்கிறது? உடலே நான் என்பர் சார்வாகர். வெற்றிலையிலும் பாக்கிலும் சுண்ணாம்பிலும் தனித்தனியே இல்லாத சிவப்பு, மூன்றும் சேர்ந்தால் தோன்றுவதுபோல, ஜடப்பொருள்கள் சேர்ந்த உடலில் அறிவு தோன்றுகிறது என்பது அவர்கள் கூறும் உவமை. ஆளவந்தார் நம் அநுபவத்தைச் சோதித்துப் பார்க்கச் சொல்கிறார். வெளி இந்திரியங்களை அடக்கி மனத்தை ஒருமுகப்படுத்தினால் கை, கால், தலை ஒன்றும் தோன்றாத நிலையிலும் 'நான்' தோன்றுகிறது. ஆகவே அது உடல் அன்று. இந்திரியங்கள், மனம், பிராணன் ஆகியவற்றையும் இவ்வாறே ஆராய்ந்து விலக்குகிறார்.

பிறகு கடினமான இடத்துக்கு வருகிறார். அறிவு மட்டுமே ஆத்மா, அறிகிறவன் என்று ஒருவன் இருப்பது தோற்றமே என்பது ஒரு கட்சி. அறிவு ஆத்மாவுக்கு வந்து போகும் குணம், மோக்ஷத்தில் ஆத்மா அறிவற்றுக் கிடக்கும் என்பது மற்றொரு கட்சி. முதற் கட்சிக்கு ஆளவந்தாரின் விடை: அறிவு எப்பொழுதும் ஒருவருடைய அறிவாகவும், ஒன்றைப் பற்றிய அறிவாகவுமே தோன்றுகிறது. இதை நான் அறிகிறேன் என்பதில் அறிகிறவனைத் தள்ளிவிட்டு அறிவை மட்டும் நிறுத்த முடியாது. இரண்டாம் கட்சிக்கு விடை: ஆத்மா தன்னைத் தானே விளக்கிக்கொள்ளும் பொருள். விளக்கைக் காண இன்னொரு விளக்கு வேண்டாம். அறிவு அதன் இயல்பு. ஆழ்ந்து உறங்கி எழுந்தவன் நான் சுகமாக உறங்கினேன் என்கிறான். வெளியுலகம் ஒன்றும் தோன்றாத அவ்வேளையிலும் 'நான்' அணையாமல் இருந்ததற்கும், அது இன்பமாக இருந்ததற்கும் அச்சொல்லே சாட்சி.

இந்த வேரிலிருந்து எம்பெருமானாரும் அவருக்குப் பின்வந்த ஆசார்யர்களும் தர்மபூத ஞானம் என்ற கொள்கையை விரித்தனர். தீபச்சுடரும் அதன் ஒளியும்போல ஆத்மாவும் அதன் ஞானமும் உள்ளன. சுடர் ஓரிடத்தில் நிற்கிறது. ஒளி பரவவும் சுருங்கவும் செய்கிறது. கர்மத்தால் ஞானம் சுருங்குகிறது. மோக்ஷத்தில் தடையின்றி விரிகிறது. சுருங்கினாலும் விரிந்தாலும் சுடர் சுடரே.

ஸம்வித் ஸித்தியில் வரும் ஓர் உவமை அவர் வாழ்ந்த நாட்டையும் காலத்தையும் நம் கண்முன் நிறுத்துகிறது. பிரஹ்மம் இரண்டாவது அற்றது என்று உபநிஷத் சொல்வதால் வேறு பொருளே இல்லை என்று ஆகுமா? சோழ மன்னன் பூமியில் இரண்டாவது இல்லாதவன் என்று சொன்னால், அவனுக்கு நிகரான வேறு மன்னன் இல்லை என்றே பொருள் கொள்கிறோம். அவனுக்கு மனைவி மக்களும் சேவகரும் இல்லை என்று யாரும் கொள்வதில்லை. பிரஹ்மத்தின் ஒப்பற்ற தன்மையும் அத்தகையதே, அதற்கு உடைமையாக உலகமும் உயிர்களும் இருக்கத் தடையில்லை என்று காட்டினார். அரசவையையும் அரசபோகத்தையும் அறிந்தவருக்கு இவ்வுவமை எளிதில் தோன்றியதில் வியப்பில்லை.

இக்கேள்விகள் இன்றும் ஓயவில்லை. மூளையின் இயக்கத்தை எவ்வளவு நுட்பமாக விளக்கினாலும், அது ஏன் உள்ளே ஓர் அநுபவமாக உணரப்படுகிறது என்பது விளங்காமல் நிற்கிறது என்று மேல்நாட்டுத் தத்துவ அறிஞர் டேவிட் சால்மர்ஸ் 1995இல் எழுதி, அதற்குக் கடினமான சிக்கல் என்று பெயர் வைத்தார். ஆளவந்தார் சொன்ன விடையை அவர்கள் ஏற்கவேண்டும் என்பதில்லை. ஆயினும் கேள்வி எங்கே இருக்கிறது என்பதை நம் ஆசார்யர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சரியாகத் தொட்டிருக்கிறார்.

தவறிய நாள்

ஆத்மாவைத் தர்க்கத்தால் நிறுவியவருக்கு அதை நேரே காணும் யோகத்தில் ஆசை இருந்ததில் ஐயமில்லை. பாட்டனாரின் யோக ரஹஸ்யம் குருகைக்காவலப்பனிடம் இருந்தது. ஆளவந்தார் கங்கைகொண்டசோழபுரத்துக்குச் சென்று, யோகத்தில் இருந்த அப்பனைக் கலைக்க விரும்பாமல் சுவருக்குப் பின்னே ஓசையின்றி நின்றார். அப்பன் திரும்பி, சொட்டைக்குலத்தார் யாரேனும் வந்திருக்கிறார்களா என்று கேட்டார். நாதமுனிகளின் குலத்துக்கு அப்பெயர். எவ்வாறு அறிந்தீர் என்று வியந்தபோது, எம்பெருமான் தம்மோடு கலந்திருக்கும் வேளையில் பிராட்டியையும் பாராதவன், தம் தோளை அமுக்கிப் பின்னே எட்டி எட்டிப் பார்த்தான், அக்குலத்தாரிடமே அவனுக்கு அத்தனை ஆசை உண்டு என்றார். யோகத்தை அருள இசைந்து, ஒரு நாளையும் குறித்துக் கொடுத்தார்.

பின்னொரு நாள் திருவரங்கத்தில் அரையர் திருவாய்மொழி ஸேவித்தார். பத்தாம் பத்தில் திருவனந்தபுரத்தைப் பாடும் பதிகம். அடியார்களை அங்கே புறப்படும்படி ஆழ்வார் அழைக்கும் இடத்தை அரையர் ஆளவந்தாரின் திருமுகத்தைப் பார்த்தே மீண்டும் மீண்டும் இசைத்தார். ஆழ்வாரே தம்மை அழைப்பதாகக் கொண்டு ஆளவந்தார் உடனே புறப்பட்டார். திருவனந்தபுரத்தில் அனந்தபத்மநாபனை மங்களாசாஸனம் செய்து நின்றபோதுதான் அப்பன் குறித்த ஓலையை எடுத்துப் பார்த்தார். அந்த நாள் அன்றே. விரைந்து செல்ல ஒரு வழியும் இல்லை. அப்பனோடு அந்த யோகமும் முடிந்தது.

இது சிறிய இழப்பன்று. ஒரு குடும்பத்தின் தலைமுறைச் செல்வம், அதுவும் தாம் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த பொருளை நேரே காட்டக்கூடியது, ஒரு பதிகத்தின் அழைப்பால் கைநழுவிற்று. ஆயினும் உய்யக்கொண்டார் எதை வேண்டினாரோ அதுவே பேரர் கையிலும் நின்றது. அருளிச்செயலைக் கேட்டுப் புறப்பட்டவர் அதன் பொருட்டு யோகத்தை இழந்தார். நம் போன்றோர் பற்றிக்கொள்ளக்கூடிய வழி ஒன்றே தர்சனத்தில் எஞ்சியது.

அதே யாத்திரையின்போது திருவரங்கத்தில் மடத்தைக் காக்க விடப்பட்ட சிஷ்யர் தெய்வவாரியாண்டான், ஆசார்யனைப் பிரிந்த ஏக்கத்தால் உடல் மெலிந்து, எதிர்கொண்டு புறப்பட்டுவிட்டார். ஆசார்யனைக் கண்டதும் நோய் தீர்ந்தது. அனந்தபத்மநாபனை ஸேவித்து வரும்படி ஆளவந்தார் பணித்தபோது, தம்முடைய திருவனந்தபுரம் எதிரே எழுந்தருளியிருக்கத் தாம் வேறெங்கும் போவதில்லை என்று அவர் விண்ணப்பித்தார்.

தந்ததும் தந்ததைத் திருத்திக்கொண்டதும்

65 ச்லோகங்களைக் கொண்ட ஸ்தோத்ர ரத்நத்தை இந்தப் பின்னணியோடு அநுஸந்தித்தால் நெஞ்சு நடுங்குகிறது. 22ஆம் ச்லோகத்தில் அவர் தமக்குக் கர்மயோகமும் இல்லை, ஆத்ம ஞானமும் இல்லை, பக்தியும் இல்லை என்று விண்ணப்பித்துத் திருவடியில் விழுகிறார். ஆத்ம ஸித்தி அருளியவர் தம்மை ஆத்மாவை அறியாதவர் என்கிறார். இதை வெறும் நைச்சியம் என்று கொள்ள எமக்கு மனம் இசையவில்லை. நிறுவுவதற்கும் காண்பதற்கும் உள்ள தூரத்தை அளந்தவர் சொல்லும் உண்மை அது.

52ஆம் ச்லோகம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. உடல் முதலியவற்றில் தாம் எதுவாக இருந்தாலும் சரி, எத்தகைய குணம் உடையவராக இருந்தாலும் சரி, அந்த 'நான்' என்ற பொருளை இப்பொழுதே திருவடியில் ஸமர்ப்பித்தேன் என்பது அதன் கருத்து. உடலா, இந்திரியமா, அறிவா என்று ஏட்டில் போராடி முடிவு கண்டவர், பெருமாள் திருமுன்பே அந்த வழக்கை முடித்து வைக்கும்படி கேட்கவில்லை. வழக்கின் பொருளையே கொடுத்துவிடுகிறார்.

அடுத்த ச்லோகத்திலேயே தம்மைத் திருத்திக்கொள்கிறார். தாமும் தம்முடையவையும் எல்லாம் முன்னமே அவனுடைமை. இதை உணர்ந்தபின் எதை ஸமர்ப்பிப்பது என்று தடுமாறுகிறார். வங்கியில் பல ஆண்டுகள் பணியாற்றிய எமக்கு இவ்விடம் எளிதில் விளங்குகிறது. ஒருவர் பெயரில் உள்ள வைப்புத்தொகையை, அதைக் காத்துவந்த குமாஸ்தா அவருக்கே அன்பளிப்பாகக் கொடுக்க முடியாது. கணக்கு யாருடையது என்று ஒப்புக்கொள்வதே அவன் செய்யத்தக்கது.

கடைசி ச்லோகத்தில் தம் நடத்தையைப் பாராமல், பாட்டனார் நாதமுனிகளைப் பார்த்து அருளவேண்டும் என்று முடிக்கிறார். நாதமுனிகளின் யோகம் பேரருக்கு வரவில்லை. நாதமுனிகளின் ஸம்பந்தம் வந்தது. அதையே அவர் பற்றாகக் கொண்டார்.

மேற்கு மாம்பலத்தில் கோதண்டராமர் கோயிலைச் சூழ்ந்த தெருக்களிலும், கடல் கடந்து வாழும் அன்பர்களின் அகங்களிலும், இன்று ஒரு துயரம் பரவலாகக் காணப்படுகிறது. நாலாயிரத்தையும் நெஞ்சில் வைத்திருந்த பெரியோர் மறதி நோயால் பெற்ற பிள்ளையையே யார் என்று கேட்கின்றனர். தொடங்கிய தனியனை முடிக்க முடியவில்லை. இவர் இன்னும் நம் தகப்பனார்தானா, இவர் செய்த அநுஸந்தானமெல்லாம் எங்கே போயிற்று என்று பிள்ளைகள் கலங்குகின்றனர். ஆளவந்தாரின் ஆராய்ச்சி இங்கே வெறும் நூற்பொருளாக நில்லாமல் ஆறுதலாகிறது. சுருங்கியது ஒளி. சுடர் சுருங்கவில்லை. நினைவு போனாலும் 'நான்' போகவில்லை, அது இன்னாருடைய உடைமை என்பதும் போகவில்லை. கட்டையும் கல்லும்போல் கிடக்கும் அந்திம தசையில் தன் பக்தனைத் தானே நினைப்பதாக வராஹப் பெருமாள் பூமிப் பிராட்டிக்கு அருளியதை நம் பெரியோர் சரம ச்லோகமாகப் போற்றுவது இதனால்தான். அவர்களுக்குப் பணிவிடை செய்வோர் ஒரு பாகவதருக்கே செய்கின்றனர்.

மூன்று விரல்கள்

ஆளவந்தார் இந்த நோக்கைத் தம் கோஷ்டியிலும் நடத்திக் காட்டினார். பெரிய நம்பி, திருக்கோஷ்டியூர் நம்பி, பெரிய திருமலை நம்பி, திருமாலையாண்டான், திருவரங்கப்பெருமாள் அரையர், திருக்கச்சி நம்பி ஆகியோரோடு, தாழ்ந்ததென்று உலகம் சொன்ன குலத்தில் பிறந்த மாறனேர் நம்பியும் அவருக்கு அந்தரங்க சிஷ்யர். ஆசார்யனுக்கு வந்த ராஜபிளவை நோயை அவர் பிரஸாதமாகக் கேட்டுப் பெற்றார். அவருடைய சரம கைங்கர்யத்தைப் பிற்காலத்தில் பெரிய நம்பியே செய்தருளினார்.

1017இல் அவதரித்த இளையாழ்வாரின் பெருமையைக் கேள்வியுற்று ஆளவந்தார் காஞ்சிக்கு எழுந்தருளினார். கரியமாணிக்கப் பெருமாள் ஸந்நிதியருகே அவரைத் தூரத்திலிருந்து கடாக்ஷித்தார். ஒரு வார்த்தையும் பேசவில்லை. தர்சனத்துக்கு அவரைத் தரவேண்டும் என்று பேரருளாளனிடம் பிரார்த்தித்துத் திரும்பினார். பின்னர் பெரிய நம்பி காஞ்சிக்குச் சென்று ஸ்தோத்ர ரத்நத்தை அநுஸந்திக்க, அதைக் கேட்டு உருகிய இளையாழ்வார் அருளியவரைக் காணப் புறப்பட்டார். காவிரிக் கரையை அடைந்தபோது ஆளவந்தார் திருநாட்டுக்கு எழுந்தருளியிருந்தார். விமலத் திருமேனியில் மூன்று விரல்கள் மடங்கியிருந்தன. வ்யாஸ பராசரர்களிடம் நன்றி காட்டுதல், நம்மாழ்வாரிடம் பிரேமத்தை வளர்த்தல், ப்ரஹ்ம ஸூத்ரத்துக்கு வ்யாக்யானம் செய்தல் என்ற மூன்று குறைகளையும் தீர்ப்பதாக இளையாழ்வார் உரைக்க, விரல்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன.

இருவரும் ஒரு சொல்லும் பரிமாறிக்கொள்ளவில்லை. ஆயினும் வேதார்த்த ஸங்க்ரஹத்தின் தொடக்கத்திலும் கீதாபாஷ்யத்தின் தொடக்கத்திலும் எம்பெருமானார் வணங்குவது ஆளவந்தாரையே. கீதாபாஷ்யம் செல்லும் வழியோ கீதார்த்த ஸங்க்ரஹம் இட்ட வழி. ஸ்தோத்ர ரத்நத்துக்குப் பெரியவாச்சான் பிள்ளையும் வேதாந்த தேசிகனும் வ்யாக்யானம் அருளியுள்ளனர். இவ்வாடி உத்திராடத்தில் அவற்றில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு 52, 53ஆம் ச்லோகங்களையேனும் பொருளுடன் அநுஸந்திக்கும்படி அன்பர்களை வேண்டுகிறோம். அகத்தில் நினைவு தளர்ந்த பெரியோர் இருந்தால், அவர்கள் அருகில் அமர்ந்து அவர்கள் காதுபட ஸேவிப்பது இன்னும் சிறப்பு.

ஆளவந்தார் திருவடிகளே சரணம்.